லினன் போர்வைக்குள் என்ன இருக்கிறது என்று எழுதி விற்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலைப் பகுதிகளின் குளிருக்கு ஏற்ற படுக்கைப் பொருள்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் வார இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். குன்னூரில் பெண்களுக்குத் தையல் கற்பித்துவருபவள் நான். பஞ்சு வைத்துத் தைக்கும் கனத்த போர்வைகளையும் தலையணைகளையும் தைத்துக் கொடுப்பது என் வருமானத்தில் ஒரு பகுதி. ஆகவே, கடைக்காரர்கள் ரஜாய் என்று அழைக்கும் அந்தப் போர்வைகளில் ஆளிச் செடியின் நாரால் நெய்யும் லினன் துணியால் ஆனவற்றை வாங்கும்படி கட்டுரையாளர் பரிந்துரைத்திருந்தது எனக்கு மகிழ்ச்சி அளித்தது. ஆனால் நிறத்தையும் அளவையும் விலையையும் பார்க்கச் சொன்னவர், மேல்துணி எந்த நாரால் நெய்யப்பட்டது, உள்ளே வைக்கப்பட்டது எந்தப் பஞ்சு என்று கேட்கும்படி ஓரிடத்திலும் சொல்லவில்லை. ரஜாய் வாங்குபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் அவை இரண்டுமே என்பதால்தான் இக்கடிதத்தைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஓரம் பிரிந்துபோன ரஜாய்களைச் சரிசெய்யும்படி என்னிடம் கொண்டுவருபவர்கள் உண்டு. லினன் என்று பெரிதாக அச்சிட்ட அட்டையோடு வாங்கியவற்றைப் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலும் மேல்துணி பாலியஸ்டர் நூலை வேண்டுமென்றே தடித்தும் மெலிந்தும் திரித்து நெய்ததாகவே இருக்கிறது. உள்ளே இருப்பதும் பாலியஸ்டர் பஞ்சுதான். பாலியஸ்டர் போர்வையை விற்பது குற்றமன்று. எடை குறைவு, விரைவில் உலரும், விலையும் மலிவு. அதையே விரும்பி வாங்குபவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். லினனுக்குரிய பெயரையும் விலையையும் அதற்கு வைப்பதுதான் குறை. இதைக் கண்டுகொள்ளப் பெரிய சோதனை எதுவும் வேண்டியதில்லை. ஒருவர் படுக்கும் அளவில் ஒரு ரஜாய்க்கு இருபுறமும் சேர்த்து ஏறத்தாழ ஐந்து மீட்டர் துணி பிடிக்கும். அருகிலுள்ள துணிக்கடையில் கலப்பில்லாத லினன் மீட்டர் என்ன விலை என்று கேட்டு ஐந்தால் பெருக்கிப் பாருங்கள். பஞ்சும் தையல் கூலியும் சேர்ந்த முழு ரஜாய் அதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்றால், அதில் லினன் இருக்க வழியில்லை.

பெயரில் என்ன இருக்கிறது, குளிருக்கு அடக்கமாக இருந்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். குளிரைத் தடுப்பது மேல்துணி அன்று, பஞ்சுக்குள் அடைபட்டு நிற்கும் காற்றே என்பது உண்மைதான். தோடர்கள் போர்த்திக்கொள்ளும் பூத்துக்குளி எனும் சால்வைகூட, பருத்தித் துணியை இரட்டையாக மடித்துத் தைத்தது. இரு மடிப்புகளுக்கு இடையே நிற்கும் காற்றுதான் அதன் கதகதப்பு. ஆனால் உறங்கும் உடம்பு இரவு முழுவதும் ஈரத்தை வெளிவிட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த ஈரத்தை ஏற்று வெளியே கடத்துவது மேல்துணியின் வேலை. நார்கள் காற்றிலிருந்து ஏற்கும் ஈரத்துக்கு ஜவுளித் துறையில் ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு ஒன்று உண்டு. உலர்ந்த நாரின் எடையில் லினனுக்கு 12 சதவீதம், பருத்திக்கு 8.5, பாலியஸ்டருக்கு வெறும் 0.4. நள்ளிரவில் கழுத்தும் முதுகும் பிசுபிசுத்து, போர்வையை உதறிவிட்டு, அடுத்த பத்து நிமிடத்தில் குளிர் தாங்காமல் மீண்டும் இழுத்துப் போர்த்திக்கொள்பவர்களுக்கு இந்த எண்களின் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை. சமவெளியில் குளிர்சாதன அறையில் உறங்குபவர்களுக்கும் இதே தொல்லை உண்டு.

லினன் விலை கூடியதாக இருப்பதற்கும் காரணம் இருக்கிறது. அது ஆளிச் செடியின் தண்டுப் பட்டையிலிருந்து எடுக்கப்படும் நார். நம் நாட்டில் மத்தியப் பிரதேசம் முதலிய இடங்களில் ஆளி பயிராவது பெரும்பாலும் விதைக்கும் எண்ணெய்க்கும்தான். நாருக்கென வளர்க்கும் வகை உயரமானது, குளிர்ந்த ஈரக்காற்றை விரும்புவது. பிரான்சின் நார்மண்டி தொடங்கி பெல்ஜியம், நெதர்லாந்து வரையுள்ள கரையோரப் பகுதிதான் அதற்குப் பெயர்போனது. அங்கே செடியை அறுப்பதில்லை. நாரின் நீளம் குறையாமல் இருக்க வேரோடு பிடுங்கி, பல வாரங்கள் வயலிலேயே பரப்பிப் பனியிலும் மழையிலும் ஊறவிடுகிறார்கள். பட்டையைத் தண்டோடு ஒட்டவைத்திருக்கும் பசையை நுண்ணுயிர்கள் தின்ற பிறகே நார் பிரியும். மேற்கு வங்கத்தின் ரிஷ்ரா போன்ற இடங்களில் அதை இறக்குமதி செய்து நூலாக்கும் ஆலைகள் நம்மிடம் உண்டு. இவ்வளவு தொலைவும் இவ்வளவு வேலையும் கடந்து வரும் துணி பருத்தியின் விலைக்குக் கிடைக்காது.

வாங்கிய துணி லினன்தானா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டினால், பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். லினன் காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். இந்தச் சோதனையோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் பருத்தியும் காகிதம்போல்தான் எரியும், மரக்கூழிலிருந்து நாராக்கி, லினன்போலத் தோன்றும்படி நெய்யப்படும் விஸ்கோஸும் அப்படித்தான் எரியும். எனவே இன்னொரு இழையை உருவி நீரில் நனைத்து இழுத்துப் பார்க்க வேண்டும். விஸ்கோஸ் நனைந்தால் வலுவிழந்து சட்டென்று அறும். லினன் நனைந்த பிறகுதான் கூடுதல் வலுப்பெறும். பருத்தியிலிருந்து வேறுபடுத்த, இழையின் முறுக்கைப் பிரித்துப் பார்த்தால் போதும். பருத்தியின் நார் மூன்று சென்டிமீட்டர் அளவில் முடிந்து பஞ்சாகப் பிரியும். லினனின் நார் அதைவிடப் பன்மடங்கு நீண்டு, பளபளப்பாக, நேராக வரும். கையில் கசக்கினால் அழுத்தமான சுருக்கம் விழுவதும் லினனின் அடையாளம். சுருங்காத லினன் என்று யாராவது விளம்பரம் செய்தால், துணியில் வேறு நார் கலந்திருக்கிறதா, மேலே ரசாயனப் பூச்சு இருக்கிறதா என்று கேளுங்கள்.

புதிய லினன் சொரசொரப்பாக இருக்கிறதே, இதை எப்படிப் போர்த்திக்கொள்வது என்று என் மாணவியர் கேட்பதுண்டு. நாரை இறுக்கிப் பிடித்திருக்கும் பசையின் மிச்சம் ஒவ்வொரு சலவையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோவதால், துவைக்கத் துவைக்க மென்மையாவது இந்தத் துணியின் இயல்பு. அதைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று கஞ்சி. மற்றொன்று மென்மையாக்குவதற்கென்று விற்கப்படும் திரவம். அது நாரின்மேல் படலமாகப் படிந்து, எந்த ஈர ஈர்ப்புக்காக லினனை வாங்கினோமோ அதையே குறைத்துவிடுகிறது. மிதமான சோப்பில் துவைத்து, முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்தி, ஈரம் சற்று மிச்சமிருக்கும்போதே எடுத்து உதறி மடித்தால் இஸ்திரிகூட வேண்டாம். மடிக்கும்போது மட்டும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் மடிக்க வேண்டும். லினன் நார் அதிகம் வளைந்து கொடுக்காது. ஒரே கோட்டில் திரும்பத் திரும்ப மடித்து இஸ்திரி போட்டால் அந்தக் கோட்டிலேயே நாளடைவில் விட்டுப்போகும்.

இனித் தையலைப் பற்றிச் சொல்கிறேன். லினனையே நேரடியாகப் பஞ்சோடு சேர்த்துத் தைப்பதைவிட, உள்ளே பருத்தித் துணியில் ஒரு ரஜாய் தைத்து, அதற்குக் கழற்றக்கூடிய லினன் உறை போடுவதையே நான் பரிந்துரைப்பேன். லினன் அடிக்கடி துவைக்கப்பட வேண்டிய துணி. அடித்துப் பரப்பிய பருத்திப் பஞ்சோ தண்ணீர் பட்டால் திரண்டு கட்டியாகும். இரண்டையும் ஒன்றாகத் தைத்துவிட்டால் இரண்டில் ஒன்றின் இயல்புக்கு மாறாகத்தான் நடந்துகொள்ள வேண்டியிருக்கும். உள் ரஜாய்க்கு நெருக்கமாக நெய்த காடா துணி போதும். குன்னூர்க் குளிருக்கு ஒருவர் படுக்கும் அளவில் ஒன்றரைக் கிலோ பஞ்சும், சமவெளியில் குளிர்சாதன அறைக்கு அதில் பாதியும் வைக்கலாம். பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்காமல் இருக்கக் குறுக்கும் நெடுக்குமாக நூலோட்ட வேண்டும். உதிரிப் பஞ்சானால் ஒரு தையலுக்கும் அடுத்த தையலுக்கும் நான்கு விரற்கடைக்கு மேல் இடைவெளி கூடாது. ஜெய்ப்பூர் ரஜாய்கள் பஞ்சு குறைவாக இருந்தும் பல ஆண்டு நிற்பது இந்த நெருக்கமான தையலால்தான்.

உறைக்கு வாங்கும் லினன் சட்டைத் துணியைப்போல் மெல்லியதாக இருக்க வேண்டியதில்லை. கடைகளில் அறுபது லீ என்று சொல்லி உயர்வாகக் காட்டுவது நூலின் நேர்த்தியைக் குறிக்கும் எண். அது கூடக்கூட இழை மெலியும். சட்டைக்கு அது நல்லது. போர்வை உறைக்குச் சதுர மீட்டருக்கு 160 முதல் 180 கிராம் எடையுள்ள துணியே உழைக்கும். 58 அங்குல அகலத் துணியில் ஐந்து மீட்டர் வாங்கி, வெட்டுவதற்கு முன் கட்டாயம் நனைத்து உலர்த்துங்கள். நூற்றுக்கு ஐந்து பங்கு சுருங்குவது சாதாரணம், தளர்ந்த நெசவானால் அதற்கு மேலும் சுருங்கும். அகலம் 55 அங்குலமாகக் குறைந்த பிறகு, இருபுறமும் அரை அங்குலம் தையலுக்கு விட்டால், நான்கரை அடி அகலமும் ஏழடி நீளமும் உள்ள ரஜாய்க்கு அது சரியாக அமையும். லினனின் வெட்டு விளிம்பு மிக எளிதில் பிரியும். ஒற்றைத் தையலை நம்பாமல், விளிம்பு உள்ளே மறையும்படி இரண்டு முறை மடித்துத் தைக்க வேண்டும். உறையின் உள்மூலைகள் நான்கிலும் ஒரு சாண் நீள நாடாவும், ரஜாயின் மூலைகளில் அதற்கேற்ற வளையமும் வைத்துக் கட்டினால், இரவில் ரஜாய் உறைக்குள் நழுவிச் சுருண்டுகொள்ளாது. கடையில் விற்கும் உறைகளில் பலவற்றில் இந்த நாடாக்கள் இருப்பதில்லை. செலவு சில ரூபாய்தான், ஏன் விட்டுவிடுகிறார்களோ தெரியவில்லை.

ஐந்து மீட்டர் லினன் கட்டுப்படியாகாது என்பவர்கள், உடம்பில் படும் பக்கத்துக்கு மட்டும் லினன் வைத்து, மறுபுறத்துக்குச் சென்னிமலைக் கைத்தறி விரிப்பை வைக்கலாம். முன்கூட்டியே இரண்டையும் தனித்தனியாக நனைத்துச் சுருக்கிவிட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. குளிர் அதிகமில்லாத ஊர்களுக்குப் பஞ்சே வேண்டாம். வெளுத்து நைந்த பருத்தி வேட்டிகளை மூன்று நான்கு மடிப்பாக நடுவில் வைத்து, மேலே லினனும் கீழே பருத்தியுமாக நூலோட்டிவிட்டால், முழுமையாகத் துவைக்கக்கூடிய மெல்லிய போர்வை கிடைக்கும். வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கித் தைக்கும் காந்தாவும், கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள் துண்டுத் துணிகளால் தைக்கும் கவந்தியும் இதே முறைதான்.

தலையணைக்கு வருகிறேன். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் தலையணை பெரும்பாலும் 17 அங்குல அகலமும் 27 அங்குல நீளமும் கொண்டது. மேற்சொன்ன அகலத் துணியில் ஒன்றே முக்கால் மீட்டர் வாங்கி நனைத்தால் அதில் மூன்று உறைகள் வரும். ஒவ்வொன்றுக்கும் 18 அங்குல அகலத்தில் 62 அங்குல நீளம் வெட்டி, இருமுனைகளையும் மடித்துத் தைத்து, ஆறு அங்குலம் உள்ளே மடிந்து தலையணையின் வாயை மூடும்படி அமைத்தால் ஜிப்பும் வேண்டாம், பொத்தானும் வேண்டாம். கன்னம் படும் இடத்தில் உலோகம் உறுத்தாமல் இருப்பதோடு, துவைக்கும்போது ஜிப் சிக்கி லினன் கிழிவதும் இல்லை.

உள்ளே வைக்க இலவம் பஞ்சைவிடச் சிறந்தது எதுவும் எனக்குத் தெரியாது. அதற்குப் பெயர்பெற்ற போடிநாயக்கனூரும் தேனி மாவட்டத்து ஊர்களும் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன. இலவம் நாரின் உள்ளே குழல்போல் வெற்றிடம். அதில் பெரும்பகுதி காற்றுதான். மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் நீரையும் எளிதில் ஏற்காது. ஒரு காலத்தில் கப்பலில் செல்பவர்களின் உயிர்காப்புச் சட்டைகளில் இதை அடைத்தது அதனால்தான். வழவழப்பாகவும் குட்டையாகவும் இருப்பதால் நூலாகத் திரிக்க உதவாது. இலவு காத்த கிளிக்கு அது பயன்படாமல் போயிருக்கலாம், தலையணைக்கு அதுவே வரப்பிரசாதம். ஒரு தலையணைக்கு ஒரு கிலோவை ஒட்டிய அளவு பிடிக்கும். வாங்கும்போது கையை உள்ளே விட்டுப் பாருங்கள். கறுப்பு விதைகள் தட்டுப்பட்டால் பஞ்சு சரியாகச் சுத்தம் செய்யப்படவில்லை. வண்ண வண்ண நூல் துணுக்குகள் தென்பட்டால் அது இலவமே அன்று, பனியன் கழிவை அரைத்துச் சேர்த்தது.

இலவம் பஞ்சு லினன் துணியின் இடைவெளிகளின் வழியே வெளியே வந்து மூக்கில் ஏறும். ஆகையால் பஞ்சை நெருக்கமான காடா துணிப் பையில் அடைத்துத் தைத்த பிறகே லினன் உறையைப் போட வேண்டும். தூசி ஒவ்வாதவர்கள் இந்த அடைக்கும் வேலையை வேறொருவரிடம் விட்டுவிடுவது நல்லது. இலவந் தலையணையைத் துவைக்கக் கூடாது. வெயிலில் வைத்துத் தட்டி எடுத்தால் அமுங்கிய பஞ்சு மீண்டும் எழும்பும். சில ஆண்டுகளில் நார் பொடிந்து தலையணை தாழ்ந்துவிடும். அப்போது பையின் ஒரு பக்கத் தையலைப் பிரித்துப் புதுப் பஞ்சைச் சேர்த்துக்கொள்ளலாம், தலையணையையே தூக்கியெறிய வேண்டியதில்லை.

இவையெல்லாம் தாமே தைத்துக்கொள்பவர்களுக்கு உரியவை. கடையில் வாங்குபவர்கள் ரஜாயைப் பிரித்துப் பார்க்க முடியாது, இழையை உருவி எரித்துப் பார்க்கவும் யாரும் விடமாட்டார்கள். துணியில் நார்க் கலவையைக் குறிக்க வேண்டும் என்று 1988ஆம் ஆண்டின் ஜவுளி நுகர்வோர் பாதுகாப்பு விதிமுறைகள் கூறுகின்றன. ஆனால் அந்தத் துணி வெட்டப்பட்டு ரஜாயாகத் தைக்கப்படும்போது குறிப்பு துணிச்சுருளின் ஓரத்தோடு போய்விடுகிறது. அசல்தான் என்று காட்டும் முத்திரையாகப் பட்டுக்கு 2004ஆம் ஆண்டு முதல் சில்க் மார்க் இருக்கிறது, கைத்தறிக்கு 2006ஆம் ஆண்டு முதல் ஹேண்ட்லூம் மார்க் இருக்கிறது. ஆனால் ரஜாய் வாங்குபவருக்கு அட்டையில் கடைக்காரர் அச்சிட்ட சொல்லே துணை.

ரஜாயில் என்ன இருக்கிறது என்று எழுதித் தைப்பது செய்ய முடியாத காரியமும் அன்று. கரூரில் தைக்கப்பட்டு ஐரோப்பாவுக்குக் கப்பலேறும் படுக்கை விரிப்புகளிலும் தலையணை உறைகளிலும் எந்த நார் எத்தனை சதவீதம் என்று எழுதிய துணிச்சீட்டு தைக்கப்பட்டே போகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1007/2011 என்னும் விதி அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அமெரிக்காவில் அதற்கென 1958இலேயே சட்டம் இயற்றப்பட்டது. அயல்நாட்டு வாடிக்கையாளருக்காகத் தைக்கும் அதே சீட்டை உதகைக்கும் கொடைக்கானலுக்கும் ஏற்காட்டுக்கும் வரும் ரஜாய்களிலும் தைப்பதற்குக் கூடுதலாக எந்த இயந்திரமும் வேண்டாம். மேல்துணியின் நார், உள்ளே வைத்த பஞ்சின் வகை, அந்தப் பஞ்சின் எடை ஆகிய மூன்றும் தமிழில் அந்தச் சீட்டில் இருக்க வேண்டும். உள்ளே இருப்பதைக் காணும்படி ஒரு மூலையில் அரைச் சாண் திறப்பும் வைக்கலாம். கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம் தன் விற்பனை நிலையங்களில் இதைத் தொடங்கி வைக்குமானால் மற்ற கடைகளிடமும் வாடிக்கையாளர்கள் கேட்கத் தொடங்குவார்கள். லினன் சட்டை தைக்கும் கூடங்களில் மிஞ்சும் வெட்டுத் துண்டுகளை மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு எடைக்குக் கொடுக்க ஏற்பாடு செய்தால், தலையணை உறைகளையும் ஒட்டுப்போட்ட போர்வை முகப்புகளையும் அவர்கள் குறைந்த முதலில் தைத்து விற்க முடியும். என்னிடம் பயின்ற பெண்களில் பலர் இந்த வேலைக்கு ஆயத்தமாகவே இருக்கிறார்கள், துணியின் விலைதான் அவர்களைத் தடுக்கிறது.

தங்கள் இணைப்பில் மீண்டும் படுக்கைப் பொருள்களைப் பற்றி எழுதும்போது, பரிந்துரைக்கும் ஒவ்வொரு ரஜாயைப் பற்றியும் அந்த மூன்று விவரங்களையும் விற்பவரிடம் கேட்டு, அவர் தரும் விடையை விலைக்குப் பக்கத்திலேயே அச்சிடும்படி வேண்டிக்கொள்கிறேன். விடை தராதவர்களின் பொருளுக்கு நேரே அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடலாம்.

இங்ஙனம்,
தங்கள் நாளிதழின் வாசகி,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.